இளம்பிள்ளை வாதமும் வேலூரின் சாட்சியமும்

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 14 கிலோ மீட்டர் தூரமுள்ள அந்தப் பாதையில் இரவு முழுவதும் ஓயாது நகர்ந்த ஜனசமுத்திரத்தை வர்ணிப்பது நமது நோக்கமன்று. அங்கே நமது கண்ணில் பட்டு, ஊர் திரும்பிய பின்னும் மனத்தை விட்டு அகலாத ஒரு விஷயத்தையே நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு கால் சூம்பி, முழங்காலைக் கையால் ஊன்றி ஊன்றி நடப்பவர்கள் சிலரையும், கோலின் துணையால் தத்தி நடப்பவர்கள் சிலரையும் வழியெங்கும் கண்டோம். அவர்களில் அநேகமாக எல்லோரும் முப்பது வயதைக் கடந்தவர்கள். பலர் நமது வயதினர். ஆனால் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய சிறுவர் சிறுமியரில் அவ்விதம் கால் சூம்பிய ஒருவரையேனும் நாம் காணவில்லை. சட்டம் பயின்றவர்களுக்குச் சாட்சியத்தைத் தேடும் பழக்கம் எளிதில் போவதில்லை. ஒரு தலைமுறைக்கு நேர்ந்த ஊனம் அடுத்த தலைமுறைக்கு ஏன் நேரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றால், அது நம்மைத் திருவண்ணாமலைக்கு வடக்கே சுமார் 80 கிலோ மீட்டரில் உள்ள வேலூருக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறது.

இளம்பிள்ளை வாதம் என்று தமிழிலும், போலியோ என்று உலகெங்கும் வழங்கும் இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். அதில் மூன்று இனங்கள் உண்டு. அது வாய் வழியே புகுந்து, குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, அசுத்தமான நீர் மூலமாகவும் கைகள் மூலமாகவும் அடுத்த குழந்தையின் வாயை அடைகிறது. அதன் பிடியில் சிக்கும் ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் கை கால் விளங்காமற் போகும். மற்றக் குழந்தைகளுக்கு ஒரு நாள் சுரம், அல்லது அதுவும் இல்லை. ஆகவே ஊரில் ஒரு குழந்தை முடமானால், கண்ணுக்குத் தெரியாமல் இருநூறு குழந்தைகளிடம் அந்த வைரஸ் உலவிவிட்டது என்பது பொருள். லட்சக்கணக்கானவர்கள் பல ஜில்லாக்களிலிருந்து வந்து கூடி, ஒரே நாளில் கலைந்து போகும் க்ஷேத்திரங்களுக்கு இந்த நோய் எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் விவரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இந்நோய்க்கு அமெரிக்காவில் இரண்டு மருந்துகள் பிறந்தன. டாக்டர் ஜோனாஸ் ஸால்க் செத்த வைரஸைக் கொண்டு செய்த ஊசி மருந்தின் வெற்றி 1955-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. சில வருஷங்களுக்குப் பின், உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து டாக்டர் ஆல்பர்ட் ஸாபின் ஆக்கிய சொட்டு மருந்து வந்தது. ஊசி வேண்டாம், விலை குறைவு, சிறிது பழக்கிவிட்டால் எவரும் குழந்தையின் வாயில் விட்டுவிடலாம், குடலிலேயே எதிர்ப்புச் சக்தியை எழுப்பும். குளிர்ந்த, சுகாதார வசதி மிகுந்த தேசங்களில் மூன்று முறை கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பு உண்டாயிற்று. நாமும் அம்மருந்தை வரவேற்றோம். மருந்தோடு கூடவே 'மூன்று முறை போதும்' என்ற கணக்கையும் இறக்குமதி செய்துகொண்டோம். அந்தக் கணக்கு நமது குழந்தைகளுக்குப் பொருந்துமா என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

கேட்டவர்களில் முதன்மையானவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேகப் ஜான். 1900-ம் வருஷத்தில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரு சிறு வைத்தியசாலையாகத் தொடங்கி வளர்த்த அந்த ஸ்தாபனத்தில் அவர் குழந்தை வைத்தியராகவும் வைரஸ் ஆராய்ச்சியாளராகவும் பணியாற்றினார். மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாயிற்றா, மருந்திலுள்ள வைரஸ் குடலில் வேரூன்றிற்றா என்று பரிசோதித்து, பி. ஜயபால் என்பாருடன் சேர்ந்து 1972-ம் வருஷத்தில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் அவர் முடிவை வெளியிட்டார். உஷ்ண தேசத்துக் குழந்தைகளிடம் சொட்டு மருந்து எதிர்பார்த்த அளவில் பலிக்கவில்லை என்பதே அம்முடிவு. குடலில் வேறு வைரஸ்கள் குடியிருந்து இம்மருந்துக்கு இடையூறு செய்கின்றன என்று அப்போது கூறப்பட்ட சமாதானம் போதாது என்பதையும் அந்த ஆராய்ச்சி காட்டிற்று.

இது வேலூருக்கு மட்டும் உரிய விசித்திரமன்று என்பது நாளடைவில் தெரிந்தது. வளரும் நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1991-ம் வருஷத்தில் வெளியான ஒரு பரிசீலனை, மூன்று முறை மருந்து பெற்ற குழந்தைகளில் முதல் இன வைரஸுக்கு நூற்றுக்கு 73 பேருக்கும், இரண்டாம் இனத்துக்கு 90 பேருக்கும், மூன்றாம் இனத்துக்கு 70 பேருக்குமே எதிர்ப்புச் சக்தி உண்டானதாகக் கண்டது. மருந்து முழுவதையும் முறையாகப் பெற்ற நூறு குழந்தைகளில் முப்பது பேர் வரை நிராயுதபாணிகளாக நின்றனர் என்று இதற்குப் பொருள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த துயரத்தை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். 1970-களின் முடிவில் நமது சர்க்காரின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் போலியோ சொட்டு மருந்து இடம் பெற்றது; 1985 முதல் அத்திட்டம் தேச முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஏழைத் தாய் ஒருத்தி கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குறித்த நாட்களில் மூன்று முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். சொன்னதையெல்லாம் அவள் செய்தாள். அப்படியிருந்தும் ஒரு நாள் காலையில் குழந்தையின் கால் துவண்டு கிடந்தது. மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்றார்கள். தாய் ஏதோ ஒரு தடவை தவறவிட்டிருப்பாள் என்றார்கள். சில இடங்களில் மருந்து கெட்டதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கெடாத மருந்தும், தவறாத தாயும் இருந்த இடங்களிலும் தோல்வி நேரும் என்று வேலூரின் சாட்சியம் முன்பே சொல்லிவிட்டது. சாட்சி கூண்டிலேறித் தெளிவாகச் சொன்ன பின்னும், நெடுங்காலம் தீர்ப்பு எழுதப்படாமல் கிடந்தது. அதன் தண்டனையைக் குழந்தைகள் அனுபவித்தார்கள்.

டாக்டர் ஜேகப் ஜானும் அவரது துணைவர்களும் குறையைச் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. மூன்று முறை போதாதென்றால் ஐந்து முறையும் அதற்கு மேலும் கொடுக்கவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு நாளில் கொடுப்பதைவிட, ஓர் ஊரின் சிறு குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் வைரஸ் ஒதுங்க இடமின்றித் திண்டாடும் என்பது அவர்கள் யுக்தி. கியூபா தேசம் 1962 முதல் இவ்விதம் செய்து வந்தது. வேலூர் நகரில் இதைச் செய்து நோய் கட்டுப்பட்டதை 1983-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 1995-ம் வருஷத்தில் பாரத சர்க்கார் நாடு முழுவதும் தொடங்கிய 'பல்ஸ் போலியோ' இயக்கத்துக்கு நமது தமிழ்நாட்டு நகரம் ஒன்று பல வருஷங்களுக்கு முன்பே ஒத்திகை பார்த்துவிட்டது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது.

மற்றொரு காரியமும் குறிப்பிடத் தக்கது. எந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு நோய் கண்டது என்பது தெரியாமல் நோயை விரட்ட முடியாது. அக்காலத்து வட ஆற்காடு ஜில்லாவில், சர்க்கார் வைத்தியர், தனி வைத்தியர் என்ற பேதமின்றி எல்லோரும் சில முக்கியமான நோய்களைக் கண்டவுடன் ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்பும் ஏற்பாட்டை வேலூர் ஆராய்ச்சியாளர்கள் உண்டாக்கினார்கள். 1989-ம் வருஷத்தில் ஜில்லா பிரிக்கப்படும் வரையில் திருவண்ணாமலையும் அந்த வட ஆற்காட்டைச் சேர்ந்ததே. பெரும் பொருட்செலவும் நுட்பமான யந்திரங்களும் இல்லாமல், ஒரு தபால் கார்டைக் கொண்டு செய்த இக்காவல் முறை ஏழைத் தேசங்களுக்கு முன்மாதிரி என்று 1998-ல் லான்ஸெட் என்னும் பிரபல வைத்தியப் பத்திரிகையில் எழுதப்பட்டது.

வேலூரின் சாட்சியம் கடைசியாக வட இந்தியாவில் முழு நிரூபணம் பெற்றது. உத்தரப் பிரதேசத்தில் ஒருமுறை கொடுக்கும் மூவினச் சொட்டு மருந்தின் பலன் நூற்றுக்குச் சுமார் 9 தான் என்றும், தேசத்தின் மற்றப் பாகங்களில் சுமார் 21 என்றும் 2006-ம் வருஷத்தில் கணக்கிட்டார்கள். அங்கே குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் மருந்து கொடுக்க நேர்ந்தது. 2010 ஜனவரியில் ஒன்றாவது, மூன்றாவது இனங்களுக்கு மட்டுமான கூர்மையான மருந்து வந்தது. 2009-ல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்கு இந்நோய் கண்டிருந்தது, 2010-ல் 42, 2011-ல் ஒன்றே ஒன்று. ஜனவரி 13-ந் தேதி வங்காளத்து ஹௌராவில் நோய் கண்ட அந்தக் குழந்தையே இயற்கைப் போலியோ வைரஸுக்கு நம் தேசத்தில் கடைசிப் பலி. 2014 மார்ச் 27-ந் தேதி நமது பிராந்தியம் போலியோ நீங்கியதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. வீடு வீடாகவும், பஸ் நிலையங்களிலும், ரயிலடிகளிலும், திருவிழாக்களிலும் மருந்துப் பெட்டியோடு நின்ற லட்சக்கணக்கான ஊழியர்களுக்கு இந்தப் புகழில் முதற் பங்கு உண்டு.

அதே கல்லூரியில் அடுத்த தலைமுறையும் இதே கேள்வியை வேறொரு நோயைப் பற்றிக் கேட்டது. குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸை ஆராய்ந்தவர் டாக்டர் ககன்தீப் காங். மெக்ஸிகோவில் இரண்டு முறை இந்த வைரஸ் தொற்றிய குழந்தைக்குப் பிறகு கடும் பேதி வருவதில்லை என்று கண்டிருந்தார்கள். வேலூரில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்த அவரது குழுவினர், இங்கே மூன்று முறை தொற்றிய பின்னும் கிடைக்கும் பாதுகாப்பு நூற்றுக்கு 79 தான் என்று 2011-ல் வெளியிட்டார்கள். டெல்லியில் ஒரு குழந்தையிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 சிசுக்களிடம் பரிசோதித்தார்கள். அது கடும் பேதியைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. இந்தப் பலன் சிறிதென்று தோன்றலாம். ஆனால் பேதியால் பல்லாயிரம் சிசுக்களை இழந்து வந்த ஒரு தேசத்தில் பாதியைக் காப்பது அற்பமான காரியமாகுமா? டாக்டர் காங் 2019-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பணியாற்றும் பெண்களில் அக்கௌரவம் பெற்ற முதல்வர் அவரே.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'அப்படியானால் அந்நிய மருந்து நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தடுப்பு மருந்தே வேண்டாம்' என்று சொல்லக் கூடியவர்கள் உண்டு. இதைவிடத் தவறான முடிவு வேறில்லை. மருந்தின் குறையைக் கண்டவர்கள் ஒருவரும் மருந்தை விடச் சொல்லவில்லை. அதிகமாகவும், முறையாகவும், தக்க வகையிலும் கொடுக்கச் சொன்னார்கள். சொட்டு மருந்தில் மற்றொரு குறையும் உண்டு. அதிலுள்ள உயிர் வைரஸ் மிக அபூர்வமாக மீண்டும் நோய் தரும் வலுவைப் பெற்றுவிடும். செத்த வைரஸ் ஊசிக்கு அந்தத் தோஷமில்லை என்று டாக்டர் ஜேகப் ஜான் நெடுநாள் வாதித்து வந்தார். 2015 நவம்பரில் அந்த ஊசி நமது தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் இன வைரஸ் நீக்கப்பட்டது. ஏற்கெனவே சொட்டு மருந்து பெற்ற குழந்தைக்கு ஓர் ஊசி போட்டால் குடலின் எதிர்ப்பு புத்துயிர் பெறுகிறது என்பதும் வேலூரில் நடந்த பரிசோதனையில் 2014-ல் உறுதிப்பட்டது.

ஆபத்து முற்றும் நீங்கிவிட்டதென்று நாம் அயர்ந்திருக்கலாகாது. 2022-ல் செல்வம் கொழிக்கும் நியூயார்க் ராஜ்யத்தில், தடுப்பு மருந்து பெறாத ஒருவர் மருந்திலிருந்து மாறிய வைரஸால் முடமானார். 2024-ல் நமது மேகாலயாவிலும் ஒரு குழந்தைக்கு அத்தகைய நோய் கண்டது. பிறந்தவுடனும், ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களிலும் சொட்டு மருந்து. ஆறாவது, பதினாலாவது வாரங்களிலும், 2023 முதல் ஒன்பதாம் மாதத்திலும் ஊசி. ஒன்றரை வயதையொட்டி மறுபடி சொட்டு மருந்து. இவை யாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நோயைக் கண்ணால் காணாத இளம் பெற்றோருக்கு இதில் அலட்சியம் தோன்றுவது இயல்பு. கண்ட தலைமுறையினரான நாம்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

சர்க்காருக்கும் நாம் ஒன்று கூறுவோம். பிற தேசத்து அறிவை வணக்கத்தோடு பெற்றுக்கொள்வோம். ஆனால் நமது குழந்தைகளைப் பற்றிய கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அதற்கு வேண்டிய ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பணத்தையும், உண்மையைச் சொல்லும் ஆராய்ச்சியாளருக்குச் செவியையும் தாராளமாகக் கொடுக்கவேண்டும். க்ஷேத்திரங்களில் நல்ல குடிநீரும் சுத்தமான கழிப்பிடங்களும் அமைப்பது எந்தத் தடுப்பு மருந்துக்கும் துணை நிற்கும் காரியம் என்பதையும் மறக்கலாகாது.

அன்றிரவு கிரிவலப் பாதையில், முழங்காலைக் கையால் ஊன்றி நடந்த நம் வயதினர் ஒருவரின் முன்னே அவருடைய பேத்தி துள்ளிக்கொண்டு ஓடினாள். அவர் கூப்பிடக் கூப்பிட அவள் நிற்கவில்லை. அந்த ஓட்டம் தானாக வந்ததன்று என்பதை நாம் அறிந்திருந்தோம்.