பால் மறக்கும் குதிரைக்குட்டி: பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு

மாணவர்களே, பிறந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குதிரைக்குட்டி எழுந்து நின்றுவிடும். தள்ளாடியபடியே தாயின் மடியைத் தேடிப் பால் குடிக்கும். முதல் சில வாரங்களில் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே பல முறை குடிக்கும். அந்தக் குட்டி என்றாவது ஒரு நாள் பாலை மறந்துதான் ஆக வேண்டும். அதை எப்படி மறக்கச் செய்வது?

மனிதர் தலையிடாத குதிரைக் கூட்டங்களில் தாயே இதைப் பார்த்துக்கொள்கிறது. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதங்கள். அடுத்த குட்டி பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மூத்த குட்டியைத் தாய் மடியருகே விடாது. அப்போது அதற்குப் பெரும்பாலும் 9 முதல் 11 மாதம் ஆகியிருக்கும். பால் நின்றாலும் குட்டி தாயின் பக்கத்திலேயே மேயும்.

பண்ணைகளிலோ 4 முதல் 6 மாதத்திலேயே குட்டியைப் பிரித்துவிடுவது வழக்கம். அதற்குள் தாயின் பால் குறையத் தொடங்கியிருக்கும். குட்டியும் புல்லும் தீவனமும் தின்னப் பழகியிருக்கும். ஆனால், குட்டி இழப்பது பாலை மட்டுமன்று, துணையையும்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பிரிக்கும் முறைகள் பல. ஒன்று, திடீர்ப் பிரிவு: தாயைத் தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டுக் குட்டியை லாயத்தில் அடைப்பது. இரண்டு, வேலிப் பிரிவு: நடுவே உறுதியான வேலி இருக்கும், தாயும் குட்டியும் பார்க்கலாம், முகரலாம், பால் மட்டும் குடிக்க முடியாது. மூன்று, படிப்படியான பிரிவு: பல தாய்களும் குட்டிகளும் மேயும் புல்வெளியிலிருந்து ஒவ்வொரு தாயாக வெளியே கொண்டுபோவது. குட்டிகள் பழகிய இடத்தில், பழகிய தோழர்களுடன் இருக்கும்.

எது நல்லது? குட்டி எத்தனை முறை கனைக்கிறது, அமைதியின்றி எவ்வளவு நடக்கிறது என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனையும் அளக்கிறார்கள். மன அழுத்தம் கூடும்போது அட்ரினல் சுரப்பி இதை அதிகமாகச் சுரக்கும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பழகிய வேறு பெரிய குதிரைகள் உடனிருந்த குட்டிகளுக்குக் கார்ட்டிசோல் உயர்வு குறைவாக இருந்தது.

பிரிட்டனில் 225 இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. லாயத்தில் அடைத்துப் பிரிக்கப்பட்டவற்றில், புல்வெளியில் பிரிக்கப்பட்டவற்றைவிட இயல்புக்கு மாறான பழக்கங்கள் அதிகம் காணப்பட்டன. பிரித்த பிறகு அடர்தீவனம் தின்ற குட்டிகளில், மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை இழுக்கும் பழக்கம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இந்தப் பழக்கத்தை விடுவிப்பது மிகக் கடினம்.

தீவனத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு? குதிரையின் இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரக்கும். மெல்லும்போதுதான் உமிழ்நீர் ஊறி அந்த அமிலத்தைத் தணிக்கும். புல்லை நெடுநேரம் மெல்ல வேண்டும். அடர்தீவனமோ விரைவில் தீர்ந்துவிடும். இது ஒரு விளக்கம் மட்டுமே. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. அறிவியல் பாடத்தில் இதை நினைவில் வையுங்கள்.

தாயையும் மறக்கக்கூடாது. பிரிந்தவுடன் அதன் மடி கட்டிக்கொண்டு வலிக்கும். இரக்கப்பட்டுக் கறந்துவிட்டால் பால் மீண்டும் ஊறும். மடி நிறைந்திருப்பதுதான் சுரப்பை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை. ஆகவே தானியத் தீவனத்தைக் குறைத்து, மடியில் வீக்கமோ சூடோ மிகுகிறதா என்று கவனித்து வருவார்கள்.

பால் நின்ற நாளில் குட்டிக்குப் பழகிய புல்வெளியும், தோழர்களும், ஒரு மூத்த குதிரையின் துணையும் இருந்தால் போதும். பிரிவின் சுமை பாதி குறையும். குட்டிக்காக ஒரு பண்ணை செய்யக்கூடிய எளிய உதவி இதுவே.