தண்டனையின் கடுமையும் உறுதியும்

குற்றம் மனித சமுதாயத்தோடு உடன்பிறந்தது. ஆயின், அதற்கு விதிக்கப்பட்ட தண்டனை காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஒரு காலத்தில் நீதி எனக் கொள்ளப்பட்டது பிறிதொரு காலத்திற் கொடுமை எனத் தள்ளப்பட்டது. மக்கள் மனம் இளகியமை மட்டுமே இம்மாற்றத்துக்குக் காரணமென்று எண்ணுதல் பொருந்தாது. கடுந்தண்டனை தான் கருதிய பயனைத் தரவில்லை என்பதை அனுபவம் புலப்படுத்தியமையும் தக்கதொரு காரணமாகும்.

பண்டைச் சட்டங்களுட் புகழ்பெற்றது பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டம். கி. மு. 18ஆம் நூற்றாண்டிற் கல்லிற் பொறிக்கப்பட்ட அது, 1901இல் சூசா நகரின் இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்டது. கண்ணைக் கெடுத்தவன் கண்ணை இழக்கவேண்டும். கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் இறப்பின், கட்டியவனின் மகன் கொல்லப்படவேண்டும் என்பன அதன் விதிகள். இக்காலத்தவர்க்கு இவை கொடியனவாகத் தோன்றும். எனினும், ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணே என்ற விதி பழிக்குப்பழி வாங்குதலுக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. ஆனால், அந்நீதி எல்லார்க்கும் பொதுவாயிருக்கவில்லை. அடிமையின் கண்ணைக் கெடுத்தவன் அவ்வடிமையின் விலையிற் பாதியைச் செலுத்தி அமைந்தான்.

தண்டனையின் கடுமையால் ஒரு நாடு எய்திய விளைவை அறிய விரும்புவோர் 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தை நோக்குதல் வேண்டும். அந்நூற்றாண்டு முழுவதும் பாராளுமன்றம் தூக்குத்தண்டனைக்குரிய குற்றங்களைப் பெருக்கிக்கொண்டே சென்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் தொகை 200ஐக் கடந்தது. கடையில் 5 சிலிங் பெறுமதியான பொருளைக் கரவாகத் திருடியவனுக்கும், வீட்டில் 40 சிலிங் பெறுமதியானதைத் திருடியவனுக்கும் சட்டம் மரணத்தையே விதித்தது. பலர் காணப் பொதுவிடத்திலேயே குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டனர். அக்காட்சியைக் காணத் திரண்ட கூட்டத்தினரிடையே முடிச்சுமாறிகள் தம் தொழிலைச் செவ்வனே நடத்தினர்! இவ்வழக்கம் 1868இலேயே ஒழிந்தது.

இத்துணைக் கடுமையான சட்டம் தன் கடுமையாலேயே வலுவிழந்தது. அற்பக் களவுக்காக ஓர் உயிரைப் பறிக்க யூரர் மனம் ஒப்பவில்லை. அதனால், களவுபோன பொருள் மிக்க விலையுடையதாயிருந்தும், அதன் பெறுமதி 39 சிலிங் என அவர்கள் தீர்ப்புக் கூறுவதுண்டு. பொருளைப் பறிகொடுத்தவரோ வழக்குத் தொடரவே தயங்கினர். ஆகவே, திருடர் பலர் யாதொரு தண்டனையுமின்றித் தப்பினர்.

தண்டனையின் கடுமையன்று, அது தப்பாமல் வந்துசேரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என மிலான் நகரத்து அறிஞர் பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். அக்கருத்தைப் பின்பற்றிய ஆங்கிலச் சட்ட அறிஞர் சாமுவேல் ரொமிலியின் முயற்சியால், பிறர் சட்டைப்பையிற் களவாடுதலுக்குரிய மரணதண்டனை 1808இல் நீக்கப்பட்டது. கடைத்திருட்டுக்குரிய தண்டனையைக் குறைக்க அவர் கொணர்ந்த மசோதாவையோ பிரபுக்கள் சபை நிராகரித்தது. எனினும், காலம் அவர் பக்கமே நின்றது. 1830இல் வங்கியாளர்களே பாராளுமன்றத்துக்கு ஒரு மனு விடுத்தனர். கள்ளக் கையொப்பத்துக்கு மரணதண்டனை விதிக்கப்படுவதாற் குற்றவாளிகள் தப்பிவிடுகின்றனர். ஆதலின் அதனைக் குறைக்கவேண்டும் என்பதே அம்மனுவின் சாரம். பொருளிழந்தவரே தண்டனையைக் குறைக்கும்படி வேண்டியமை சிந்தித்தற்குரியதன்றோ?

இம்மாற்றத்தின் சுவடுகளை இலங்கையிலும் காணலாம். ஒல்லாந்தர் காலத்திற் கரையோர மாகாணங்களில் வழங்கிய சித்திரவதையை ஆங்கில ஆட்சி 1799இல் ஒழித்தது. 1883இல் இந்தியச் சட்டத்தை ஒட்டித் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. 1958இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் கொலைக்குரிய மரணதண்டனையைச் சட்டத்தால் இடைநிறுத்தியது. அதனை ஆராயப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் தலைமையில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, சிறைத்தண்டனையிலும் மிகுதியாகத் தூக்குத்தண்டனை கொலையைத் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என 1959இற் கண்டது. ஆனால், அவ்வாண்டு செப்டம்பரிற் பிரதமரே சுடப்பட்டு இறந்தார். நாடு கொதித்தெழுந்தது, ஆண்டு முடியுமுன் தூக்குமேடை மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றது. 1976ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை எனினும், மரணதண்டனைத் தீர்ப்புகள் இன்றும் அளிக்கப்பட்டே வருகின்றன. கொடிய குற்றமொன்று நிகழுந்தோறும் தூக்குமேடையை வேண்டும் குரலும் எழுகின்றது.

அக்குரலைப் பழித்தல் தகாது. அது பறிகொடுத்தவரின் துயரிற் பிறப்பது. ஆனால், சினம் தணிந்தபின் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. லண்டனில் தன் குழந்தையைக் கொன்றான் என்று திமொத்தி எவன்ஸ் என்பவர் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டிற் குடியிருந்து, அவருக்கெதிராகச் சாட்சி கூறிய கிறிஸ்டி என்பவன் பல கொலைகள் புரிந்தவன் என்பது 1953இல் வெளிப்பட்டது. 1966இல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றுக்கொள்ள அவர் உயிருடன் இல்லை.

சிலப்பதிகாரம் கூறும் பாண்டியனும் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றே கோவலனைக் கொல்வித்தான். தன் பிழையை உணர்ந்தபோது அவனால் உயிர்விட முடிந்ததே தவிர, போன உயிரை மீட்க முடியவில்லை. சிறைத்தண்டனையிற் பிழை நேரின் எஞ்சிய வாழ்நாளையேனும் திருப்பித் தரலாம். தூக்குக்கயிறோ திருத்தத்துக்கு இடமளிப்பதில்லை. குற்றவாளி தப்பாமற் பிடிபடுதலும், வழக்கு நெடுங்காலம் இழுபடாது முடிதலும், குற்றமற்றவன் காக்கப்படுதலும் கைகூடுமாயின் தண்டனை கொடியதாயிருக்க வேண்டியதில்லை. பல நூற்றாண்டு அனுபவம் மனிதனுக்குப் புகட்டிய பாடம் இதுவே.