இலையில் வெந்த மீனும் இல்லத்தரசிகளின் தீர்ப்பும்

உடலுக்கு நல்லது என்று ஒரு பண்டத்தைப் பரிந்துரைப்பது எளிது. அதனை நாவுக்கும் இசைந்ததாக்கி வீட்டார் அனைவரையும் உண்ணச் செய்வதே அரிது. மருத்துவர் கூறும் உணவு முறை நிலைபெறுவதும் மறைவதும் அடுக்களையில்தான் முடிவாகின்றன. ஆதலின், அடுப்பின் முன் நிற்போர் சொல்லும் குறைகளைச் செவிமடுப்பது பயனுடையதாகும்.

மும்பையில் பல மாநிலத்தவரும் அண்டை அயலாராக வாழும் குடியிருப்பு நம்முடையது. நம் வீட்டுப் பெரியவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்தமையால், உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டுமென்று மருத்துவர் கூறினார். அன்று முதல் அவருக்கென்று தனிப் பாத்திரத்தில், வெறும் நீரில் மீன் வெந்தது. மற்றவர்கள் வறுத்த மீனை உண்கையில் அவர் இரண்டு வாய் உண்டு எழுந்துவிடுவார். பத்தியம் அவரைப் பந்தியிலிருந்தே விலக்கிவிட்டது.

அந்நிலையில் நமக்குக் கைகொடுத்தது, அண்டை வீட்டுப் பார்சி அம்மையார் கற்பித்த ‘பத்ரானி மச்சி’. வவ்வால் மீன் துண்டுகள் அரை கிலோ, கொத்துமல்லித்தழை ஒரு பிடி, தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 3, பூண்டு 4 பல், சிறிது சீரகம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. மீன் நீங்கலாக மற்றவற்றை அரைத்து, மீனின் இருபுறமும் பூசி, வாழையிலையில் பொதிந்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்க வேண்டும். நால்வருக்குப் போதும்.

இதனைச் செய்து பார்க்குமாறு அயலிலுள்ள சில இல்லத்தரசிகளை வேண்டினோம். அவர்கள் தந்த தீர்ப்பு ஒரே விதமாக இல்லை.

கொங்கணத்து அம்மையார், “மொறுமொறுப்பு எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்வியே. ஆவியில் வெந்தது ஒருநாளும் வறுவலாகாது. ஆயினும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு; ஆவியோ எதையும் சேர்ப்பதில்லை. வெந்த பொதியை எண்ணெயிடாத தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் வாட்டினால், இலை கருகி ஒரு நறுமணம் எழும். அதன் பின் அவருடைய மனக்குறை பாதி தீர்ந்தது.

வங்காளத்து அம்மையார் நகைத்தார். “எங்கள் பாதூரியே இது!” என்று சொல்லி, தேங்காய்க்குப் பதிலாகக் கடுகை அரைத்துப் பூசினார். அவர் வீட்டில் அதுவே வெற்றி பெற்றது. முறை ஒன்றாயினும் பூச்சு அவரவர் நாவுக்கேற்ப மாறலாம் என்பதை அவரிடம் கற்றோம்.

தமிழ் வீட்டார் ஒருவர், மீன் வறண்டு நாராயிற்று என்றார். விசாரித்ததில், ஆட்டிறைச்சியைப் போல் எண்ணி அரைமணி நேரம் வேகவைத்தது தெரிய வந்தது. மீனின் தசைநார்கள் குறுகியவை. அவற்றைப் பிணைக்கும் சவ்வும் மெல்லியது. ஆதலின் சிறிது வெப்பத்திலேயே அது வெந்துவிடும். மேலும் வைத்தால் தன் சாற்றை இழக்கும். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு, ஆவி எழுந்த பின் 10 முதல் 12 நிமிடங்கள் போதும். இலை கிழிகிறது என்றும் அவரே சொன்னார். அனலில் சற்று வாட்டினால் அது துவண்டு மடியும்.

இன்னொருவர் வீச்சத்தைக் குறை கூறினார். கடல்மீன் பழையதாக ஆக, டிரைமெதிலமைன் என்னும் பொருள் அதில் பெருகி நாற்றம் தருகிறது. எலுமிச்சையின் புளிப்பு அதனை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். எனினும் நாற்றம் அடங்குவதால் கெட்ட மீன் நல்ல மீனாகிவிடாது. தெளிந்த கண்ணும், சிவந்த செவுளும், அழுத்தினால் குழி விழாத சதையும் உள்ள மீனையே வாங்க வேண்டும்.

வவ்வாலின் விலையைக் கேட்டுத் தயங்கினோரும் உண்டு. அவர்களுக்கு அயிலை இருக்கிறது. நூறு கிராம் அயிலையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. இதயத்துக்கு நலம் பயக்கும் ஒமேகா-3 கொழுப்பும் நிறைந்தது. விலை குறைந்ததனால் சத்துக் குறைந்ததாகாது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர். உப்பைக் குறைத்த இடத்தில் புளிப்பும் காரமும் மணமும் வந்து அமர்ந்தால், பண்டம் குப்பைக்குப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே வேண்டும் என்று அறிவுறுத்துவது நோயாளிக்கு மட்டுமன்று, வயதுவந்தோர் யாவருக்கும்.

இப்பொழுது நம் வீட்டில் தனிப் பாத்திரம் இல்லை. எல்லார் இலையிலும் ஒரே பொதி. சென்ற வாரம் பெரியவர் தம் பொதியை முடித்துவிட்டு, மற்றொன்று மீதம் இருக்கிறதா என்று கேட்டார். ஒருவருக்கு நல்லது என்று கண்ட உணவை வீடு முழுவதும் உண்ணுமாறு சமைப்பதே, நோயுற்றவருக்கு நாம் செய்யத்தக்க முதல் உபசாரம்.