டப்பா மாறினால் படம் கெடாது

அலமாரியில் கல்யாண டிவிடி பத்திரமாக இருக்கிறது. போட்டுப் பார்க்க பிளேயர்தான் இல்லை. யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிக் கணினியில் திறந்தால், உள்ளே 1 ஜிபி அளவில் வரிசையாக விஓபி கோப்புகள். செல்போனுக்கு அது புரியாது. கைக்குக் கிடைத்த கன்வெர்ட்டரில் கொடுத்து எம்பி4 ஆக்குகிறோம். படம் ஓடுகிறது, மணப்பெண்ணின் பட்டுக்கரை மட்டும் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிகிறது.

விஓபி, எம்பி4, எம்கேவி, எம்ஓவி எல்லாம் டப்பாவின் பெயர்கள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு சங்கதி; அந்த முறைதான் கோடெக். அரிசியை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குக் கொட்டினால் அரிசி அரிசியாகவே இருக்கும். வீடியோவிலும் டப்பாவை மட்டும் மாற்ற முடியும். ரீமக்ஸ் என்பார்கள். ஒரு புள்ளிகூடக் கெடாது, வேலையும் சட்டென்று முடியும்.

2006-ல் சோனியும் பானாசோனிக்கும் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி ஹேண்டிகேம் கோப்புகளுக்கு இதுவே போதும். அந்த எம்டிஎஸ் டப்பாவுக்குள் இருப்பது செல்போனுக்குப் பழக்கமான எச்.264. டால்பி ஒலி சில போன்களில் ஊமையாகிவிடும். அப்போது ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றலாம், படத்தைத் தொட வேண்டாம்.

டிவிடி அவ்வளவு சுலபமில்லை. நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 56 ஜிபி ஆகும். டிஸ்கில் இடமோ 4.7 ஜிபிதான். அதனால் எம்பெக்-2 கோடெக் சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, இடையில் வருபவற்றுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. கண் கவனிக்காது என்று அது கணக்குப் போட்ட நுணுக்கங்களை எறிந்தும் விடுகிறது. எறிந்தது எறிந்ததுதான். எச்.264-க்கு மாற்றும்போது இந்த எறிதல் இன்னொரு முறை நடக்கிறது. போதாக்குறைக்கு, முதல் சுருக்கம் விட்டுச்சென்ற கட்டங்களையும் புதிய கோடெக் படத்தின் பகுதி என்றே நம்பி, அவற்றைக் காப்பாற்ற இடத்தைச் செலவழிக்கிறது.

கணினியில் மட்டும் பார்ப்பதென்றால் எம்கேவி டப்பாவுக்கு மாற்றி விஎல்சியில் ஓட்டலாம், இழப்பே இல்லை. எம்பெக்-2 புரியாத போனுக்கு வேண்டுமானால் மறுசுருக்கம் செய்தாக வேண்டும். ஒரே தடவை, மூலக் கோப்பிலிருந்து. இலவச ஹேண்ட்பிரேக் போதும். அதில் தர எண் 0 முதல் 51 வரை. எண் குறையக் குறையத் தரம் கூடும். எச்.264-க்கு 18 பக்கம் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அதற்கும் கீழே போனால் கோப்புதான் வீங்கும். 1080-க்கு உயர்த்தும் ஆசையும் வேண்டாம், டிஸ்கில் இல்லாத ஜரிகை எங்கிருந்தோ வந்துவிடாது.

பலர் கோட்டைவிடுவது இன்டர்லேஸில். அந்தக் காலக் கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு கணமும் இரட்டைப்படை வரிகளை அடுத்த கணமும் பதிந்தது; நொடிக்கு 50 அரைப்படங்கள். அப்படியே மாற்றினால் மாலை மாற்றும் கைகளின் ஓரம் சீப்புப்பல் மாதிரி பிசிறடிக்கும். டீஇன்டர்லேஸ் செய்யும்போது 25 அல்ல, 50 ஃபிரேமாக எடுங்கள். அசைவின் வழவழப்பு மிஞ்சும்.

ரீமக்ஸ் ஹேண்ட்பிரேக்கால் ஆகாது. அது படத்தை எப்போதும் மறுசுருக்கமே செய்யும். ரீமக்ஸுக்கு ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட அலுப்பாக இருந்தால் எம்கேவிடூல்நிக்ஸ். விஓபி துண்டுகள் ஒரே நீள ஓட்டத்தை 1 ஜிபிக்கு ஒன்றாக வெட்டியவை என்பதால், சேர்த்த பிறகே மாற்றுங்கள். தனித்தனியாக மாற்றினால் ஒட்டுமிடத்தில் நாதஸ்வரம் துண்டுபடும்.

மூல விஓபிகளை அழிக்காதீர்கள். எழுதும் டிஸ்கின் சாயப்படலம் காலப்போக்கில் மங்கும், எனவே ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும். பிறகு, இவ்வளவு பாடுபட்டு மாற்றியதை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை நசுக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும்.