கரியமில வாயுவும் ஆராய்ச்சித் தொழிலும்

பட்டம் பெற்றபின் என்ன தொழில் புரிவது என்னும் கவலை மாணவர் யாவர்க்கும் பொது. வைத்தியம், வழக்குரைத்தல், ஆசிரியத் தொழில், அரசாங்க உத்தியோகம் என்பன நாம் நன்கறிந்த வழிகள். இவற்றின் வேறாய், நம்மவருட் பலர் கேட்டறியாத தொழிலொன்று இந்நாளில் வளர்ந்து வருகின்றது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்பவற்றைப் பூமியினின்றும் எடுக்குங்கால் வெளிப்படும் கேடான வாயுக்களைக் குறைக்கும் வழிகளை ஆராய்வதே அத்தொழில். அதன் இயல்பை உண்மை நிகழ்ச்சியொன்றைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இப்பொருள்கள் அடுப்பிலும் இயந்திரத்திலும் எரியும்போதுதான் காற்றைக் கெடுக்கும் என்று பலர் எண்ணுவர். அஃது முழு உண்மையன்று. கிணற்றினின்று எடுக்கும்போதே கேடு தொடங்கிவிடுகின்றது. எரிவாயுவோடு கலந்து வரும் கரியமில வாயுவைப் பிரித்து வானில் விடுவதுண்டு. விற்கவியலாத வாயுவைக் கிணற்றருகிலேயே கொளுத்திவிடுவதுண்டு. குழாய்களின் பொருத்துவாய்களில் மீத்தேன் வாயு கசிவதும் உண்டு. இருபதாண்டுக் கணக்கில் நோக்குமிடத்து, மீத்தேன் தன் எடைக்குச் சமமான கரியமில வாயுவினும் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்குவது. இது கண்ணுக்குப் புலப்படாமையின், 2017-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியரின் செயற்கைக்கோள் ஒன்று வானினின்று இதனை அளந்து காட்டி வருகின்றது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். நார்வேக்கும் பிரிட்டனுக்கும் இடையே கிடக்கும் வடகடலில், நார்வே நாட்டார்க்குரிய ஸ்லைப்னர் என்னும் எரிவாயு வயல் உளது. அங்குக் கிடைக்கும் வாயுவில் நூற்றுக்கு 9 பங்கு வரை கரியமில வாயு கலந்திருந்தது. விற்பனைக்குரிய வாயுவிலோ அஃது இரண்டரைப் பங்கிற்கு மேற்படலாகாது. ஆகவே பிரித்தல் இன்றியமையாததாயிற்று. பிரித்ததை வானில் விட்டுவிடுதல் எளிது. ஆனால் 1991-ஆம் ஆண்டில் நார்வே அரசாங்கத்தார், கடலில் எண்ணெய் எடுப்போர் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தனர். வரி செலுத்துவதினும் புதைத்துவிடுதலே நன்றெனக் கண்ட தொழிலாளர், 1996-ஆம் ஆண்டு முதல் அதனைக் கடலடியின் கீழுள்ள உட்சிரா என்னும் மணற்பாறைக்குள் செலுத்தலாயினர். தொடக்க ஆண்டுகளில் இங்ஙனம் புதைக்கப்பட்டது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் டன்.

இவ்வொரு செயலுக்கு எத்தனை சாஸ்திரங்கள் துணை நின்றன என்பது நோக்கத்தக்கது. பிரித்தெடுத்தல் இரசாயன நூலாரின் வேலை. அமைன் எனப்படும் சேர்மங்கள் கலந்த நீர், குளிர்ந்த நிலையில் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும், சூடேற்றினால் விட்டுவிடும். இம்முறைக்கு 1930-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. சூடேற்றுதற்கு மிக்க எரிபொருள் செலவாதலின், அச்செலவைச் சுருக்கும் புதிய திரவங்களைத் தேடுவோர் இன்றும் பலர். புதைக்கும் இடத்தைத் தெரிதல் பூகர்ப்ப நூலாரின் வேலை. 800 மீட்டருக்குக் கீழ் அழுத்தம் மிகுதலால் வாயு நெருங்கித் திரவம் போலாகிக் குறைந்த இடத்தில் அடங்கும். உட்சிராவின் மணலிடையே உப்புநீர் நிறைந்துள்ளது. அதன்மேல் தடித்த களிப்பாறை மூடிபோற் கவிந்துள்ளது.

புதைத்தது புதைத்த இடத்தில் உள்ளதா என்று அறிவது எங்ஙனம்? இங்கேதான் பௌதிக நூலார் வருகின்றனர். கப்பலினின்று ஒலியலைகளைக் கீழே செலுத்தி, பாறைகளினின்று மீளும் எதிரொலியைப் பதிவு செய்வர். வைத்தியர் நோயாளியின் மார்பைத் தட்டி உள்நிலை உணர்வதை இஃது ஒக்கும். புதைக்குமுன் 1994-ஆம் ஆண்டில் ஒரு படமும், புதைக்கத் தொடங்கியபின் 1999-ஆம் ஆண்டில் மற்றொரு படமும் எடுத்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது, வாயு ஒரே திரளாக நில்லாமல், மணலிடையே உள்ள மெல்லிய களி அடுக்குகளை ஊடுருவி, ஒன்பது படலங்களாகப் பரவி, மேல்மூடியின் அடிவரை எய்தியிருந்தமை புலனாயிற்று. அவ்வடுக்குகள் வாயுவின் போக்கை இத்துணை மாற்றும் என்பது படம் கண்ட பின்னரே தெளிவாயிற்று. மேல்மூடியை அது கடக்கவில்லை. எனினும், கண்டதை ஆராய்ச்சியாளர் மறைத்திலர், உலகறிய வெளியிட்டனர்.

அல்ஜீரியா தேசத்து இன் சாலா என்னுமிடத்தில் விளைவு வேறாயிற்று. அங்கு 2004-ஆம் ஆண்டில் புதைக்கத் தொடங்கினர். செயற்கைக்கோள் கொண்டு அளந்தோர், நிலம் ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் மேலெழுவதைக் கண்டனர். மூடிப்பாறையின் உறுதியில் ஐயம் எழவே, 2011-ஆம் ஆண்டில் புதைத்தல் நிறுத்தப்பட்டது. சில மில்லிமீட்டரை அற்பமென்று தள்ளாதவரால் அன்றோ அவ்வெச்சரிக்கை கிடைத்தது!

நிற்க, ஒரு வினா எழும். எடுப்பதையே நிறுத்தாமல், எடுக்கும் வழியை மட்டும் தூய்மை செய்வது தகுமோ? இவ்வினா நேர்மையானது. எரிபொருள்களால் உலகில் ஆண்டுதோறும் எழும் கரியமில வாயு 3,500 கோடி டன்னுக்கும் மேல். அதற்குமுன் பத்து லட்சம் டன் எம்மாத்திரம்? ஸ்லைப்னரில் விற்ற வாயுவும் வேறு நாடுகளில் எரிந்து புகையாகவே முடிகின்றது. ஆதலின் இத்தொழிலை மேலும் மேலும் எண்ணெய் எடுப்பதற்கு அனுமதிச் சீட்டாகக் கொள்வது பிழை. ஆயினும், கிணறுகள் உள்ளளவும் கசிவை அடைப்பது கடமையே. அன்றியும், சிமெண்ட் ஆலைகளில் சுண்ணாம்புக் கல்லினின்றே கரியமில வாயு எழுகின்றது. எரிபொருளை மாற்றினும் அது நில்லாது. 2025-ஆம் ஆண்டில் நார்வேயின் ப்ரேவிக் ஊர்ச் சிமெண்ட் ஆலையின் வாயு கப்பலேறிச் சென்று வடகடலின் அடியிற் புதைக்கப்பட்டது. ஸ்லைப்னரிற் கற்ற பாடம் அதற்கும் வழிகாட்டிற்று.

இத்துறை விஞ்ஞானம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. ஹாலந்து நாட்டுப் பாரன்ட்ரெக்ட் நகரின் அடியிற் கரியமில வாயுவைப் புதைக்க ஓர் ஏற்பாடு நடந்தது. தங்கள் வீடுகளின் கீழே செய்யப்படுவதை ஊரார் ஒப்பவில்லை. 2010-ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. மக்களின் அச்சத்தைக் கேட்டறியவும், உள்ளதை உள்ளவாறு அவர்தம் மொழியிற் சொல்லவும் வல்லவர் இல்லாவிடில் சிறந்த ஆராய்ச்சியும் ஏட்டிலேயே நிற்கும். தமிழ் பயிலும் யான் இப்பொருளை எழுதத் துணிந்ததும் அது பற்றியே.

நம் நாட்டிலும் வாயில் திறந்துளது. கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்கென மத்திய அரசாங்கத்தார் 2022-ஆம் ஆண்டில் மும்பையிலும் பெங்களூரிலும் இரண்டு நிலையங்களை அமைத்தனர். இரசாயனம், பௌதிகம், கணிதம், பூகர்ப்பம் ஆகியவற்றுள் ஒன்றைப் பழுதறக் கற்று மேற்பட்டம் பெறுவோர்க்கு இத்துறையில் இடமுண்டு.

உக்கிராணக்காரன் தன் எஜமானுக்குக் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும் என்பது நாம் இளமையிற் கேட்ட போதனை. பூமி நமக்கு உரிமைப் பொருளன்று, ஒப்புவிக்கப்பட்ட பொருள். அதன் கணக்கில் மறைவின்றி அளந்து எழுதுவோரே இவ்வாராய்ச்சியாளர். நம் கல்லூரி மாணவருட் சிலரேனும் அவ்வரிசையிற் சேர்வாராக.