ஆறு வயது வரை காத்திருக்க வேண்டாம்

மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது, "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்பதுதான். அடுத்தது, "ஸ்கூல்ல போட்டா சரியாயிடும்." இரண்டும் அக்கறையோடு சொல்லப்படுகிறவைதான். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, மூளை மிக வேகமாக வளரும் காலம் இந்த ஆறுதல்களிலேயே கழிந்துவிடுகிறது.

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் காத்திருக்க வைக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 31-ஆம் பிரிவில் இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரை தருகிறது. உதவி அதிகம் தேவைப்படும் மூன்று வயதுக் குழந்தை இந்த இரண்டு வயது வரம்புகளுக்கும் வெளியே நிற்கிறது. இது திருத்தப்பட்டே ஆக வேண்டிய குறை. அதுவரை பெற்றோருக்குக் கைகொடுப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அதில் வயது எதுவும் குறிப்பிடப்படவில்லை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதிகளையும் ஆதரவையும் தர வேண்டும் என்கிறது அது. எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாய்ச்சொல்லுக்கு "பார்க்கலாம்" என்ற பதில் வரும். கடிதத்தை அப்படித் தட்டிக்கழிப்பது கடினம்.

எங்கே தொடங்குவது? பேச்சு தாமதமானால் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு வளர்ச்சி மதிப்பீடு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பதற்கான இடம் அது, கட்டணம் கிடையாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி வட்டாரத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமங்களுக்கே பணியாளர்களை அனுப்பிச் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யூ.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டையும் வாங்குவது வேறு வேலை. சான்றிதழ் இருந்தால், தெரபிச் செலவையும் ஏற்கும் ஒரு லட்சம் ரூபாய் நிரமயா காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அட்டை வரட்டும் என்று தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். தாமதம் தெரிந்த அன்றே பயிற்சியைத் தொடங்கலாம். அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி, இந்தக் குழந்தைக்குப் பொருத்தமான உதவி எது என்பது. "வாரம் ரெண்டு நாள் தெரபி போறோம், மத்த நாள் ஸ்கூல்" என்று நிறையப் பெற்றோர் சொல்கிறார்கள். தெரபி அறையில் முக்கால் மணி நேரம் கற்றது வகுப்பறைக்கு வந்து சேரவில்லை என்றால் அதில் பெரும்பகுதி வீண். தெரபிஸ்டுக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி. இந்த ஒரு குழந்தைக்காக, பெற்றோரும் ஆசிரியரும் தெரபிஸ்டும் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் தாள்.

அந்தத் தாளில் "பேச்சு முன்னேற வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "தண்ணீர் வேண்டும்போது அழாமல் படத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும், மூன்று மாதத்தில், பத்து முறையில் ஏழு முறையாவது" என்று எழுதினால் ஆயாவுக்குக்கூட என்ன செய்ய வேண்டும் என்று புரியும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்று குழந்தையே நம்மிடம் கேட்கும். அது விளையாட்டல்ல, கேட்கத் தெரிந்த ஒரே வழி. தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே "தண்ணி வேணும்" என்று நாம் சொல்லிக்காட்ட வேண்டும். இப்படிப் படத்தைக் கொடுத்துக் கேட்கப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த குழந்தைக்குப் பேச முயல ஒரு காரணம் கிடைக்கிறது.

வகுப்பறையிலும் பெரிய செலவில்லாமல் மாற்றங்கள் செய்யலாம். பிரேயர், பாட்டு, படம் வரைதல், சாப்பாடு, வீடு என்று அன்றைய வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டினால், அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும். மணிச் சத்தத்தில் காதைப் பொத்தும் பிள்ளையை மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்கார வைக்கலாம். கூட்டம் தாங்காதபோது ஒதுங்க ஒரு மூலையும் ஒரு பாயும் போதும். அதைத் தண்டனை மூலையாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது.

வீட்டின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்த ஓர் ஆய்வு 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியானது. நிபுணர்களல்லாத சாதாரணப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். குழந்தையின் கவனம் போகும் இடத்துக்கே தாங்களும் போய்ப் பேசப் பெற்றோர் பழகினார்கள். குழந்தைகள் தாமாகப் பெற்றோரை நாடுவது கூடியது. ஒவ்வொரு ஊரிலும் நிபுணர் இல்லாத நாட்டுக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் எல்லாச் சுமையையும் பெற்றோர் தலையில் ஏற்றுவது அநியாயம். "பிள்ளை கூடவே இருந்து உதவ ஷேடோ டீச்சரை நீங்களே வெச்சுக்குங்க, சம்பளமும் நீங்களே குடுங்க" என்று சொல்லும் தனியார் பள்ளிகள் தங்கள் கடமையை விலைபேசி வெளியே தள்ளுகின்றன. அரசுப் பக்கம், வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்தப் பணியிடங்களைக் கூட்டாமல் உள்ளடங்கிய கல்வி என்று பேசுவதில் பயனில்லை.

பணம் கொடுத்துத் தெரபிக்குப் போகிறவர்கள், பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை.

யூ.கே.ஜி. முடியும் தறுவாயில் இன்னொரு வேலை இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை, ஐ.இ.பி., எது அமைதிப்படுத்தும், எது பதற வைக்கும் என்று நீங்கள் கைப்பட எழுதிய ஒரு பக்கம் ஆகியவற்றைக் கோப்பாக்கி, ஒன்றாம் வகுப்பு ஆசிரியரைப் பள்ளி திறக்கும் முன்பே சந்தித்துக் கொடுங்கள். முடிந்தால் காலி வகுப்பறைக்குப் பிள்ளையை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். இதற்குள் ஆறு வயது நிறைந்திருந்து, சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 31-ஆம் பிரிவும் உங்கள் பக்கம். மறுக்கும் பள்ளியைப் பற்றி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். எல்.கே.ஜி. சேர்க்கையின்போது கொடுத்த கடிதத்தின் நகல் அப்போது தேவைப்படும்.