மலிவு விலை ஹெட்போன்: வசதியும் ஒலித்தரமும் பழவேற்காட்டுக் கடலோரச் சூழலில்

மலிவு விலை ஹெட்போன் என்பது ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 1500 ரூபாய்க்குள் கிடைக்கும், காதுக்குள் செருகியோ காதின் மேல் அணிந்தோ ஒலி கேட்க உதவும் கருவியாகும். இதற்குச் சில தமிழ்ப் பெயர்கள் முன்மொழியப்பட்டிருந்தாலும், புழக்கத்தில் ஹெட்போன், இயர்போன், ஹெட்செட் என்ற சொற்களே உள்ளன. இந்த விலையில் விற்க வேண்டுமானால் தயாரிப்பாளர் எங்காவது செலவைக் குறைத்தாக வேண்டும். ஒன்று, தலையையும் காதையும் தொடும் பாகங்களில் குறைப்பார். அல்லது ஒலியை உண்டாக்கும் பாகங்களில் குறைப்பார். எது குறைந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு வாங்குபவரிடம் வந்துவிடுகிறது.

அந்த முடிவு ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் படிக்கக் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த நாட்டு வீட்டையோ, குளிர்சாதன அறையையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே உப்புக் காற்று, ஆண்டின் பெரும்பகுதி விடாத புழுக்கம். இங்கு ஒரு ஹெட்போன் எவ்வளவு நன்றாக ஒலிக்கிறது என்பதோடு, அதை எத்தனை நேரம் காதில் வைத்திருக்க முடியும், எத்தனை மாதம் உழைக்கும் என்பதும் விலையின் பகுதிதான்.

காதில் உட்காரும் விதங்கள்

கடைகளில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். காதின் வெளிமடலில் தொங்கும் பழைய வகை இயர்போன். ரப்பர் முனையோடு காதுத் துளைக்குள் செருகும் வகை. காது மடலின் மேல் அழுந்தி உட்காரும் சிறிய ஹெட்போன். காதை முழுவதுமாகச் சுற்றி மூடும் பெரிய ஹெட்போன். கடைசி வகை பொதுவாக 200 கிராமுக்கும் மேல் எடையுள்ளது. கம்பியுள்ள இயர்போனோ 20 கிராமைத் தாண்டுவது அரிது.

இவற்றுள் மலிவு விலையில் அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது வகை. காது மடலுக்குள் இருப்பது மெல்லிய குருத்தெலும்பு. அதன் மேல் ஒரு தட்டு தொடர்ந்து அழுந்தினால் அரை மணி நேரத்தில் வலி தொடங்கும். கண்ணாடி அணிபவருக்கு அதன் காம்பும் சேர்ந்து அழுத்தும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும்போது இது தெரியாது.

வசதியும் ஒலியும் சந்திக்கும் இடம்

வசதி வேறு, ஒலித்தரம் வேறு என்று பிரித்துப் பேசுவது வழக்கம். உண்மையில் இரண்டும் ஓர் இடத்தில் பின்னிக் கிடக்கின்றன. காதுக்கும் கருவிக்கும் இடையே காற்று கசியாமல் அடைபடுவதே அந்த இடம்.

ஹெட்போனுக்குள் இருக்கும் சிறிய சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அழுத்துகிறது. தாழ்ந்த ஒலிகளுக்கு, அதாவது தவிலின் தொப்பிப் பக்கம் போன்றவற்றுக்கு, அந்த அழுத்தம் அடைபட்ட இடத்தில் தேங்க வேண்டும். ஒரு சிறு இடுக்கு இருந்தாலும் அழுத்தம் வெளியே ஓடிவிடும். உயர்ந்த ஒலி மட்டும் மிஞ்சும். ‘சவுண்டு தகரம் மாதிரி இருக்கிறது’ என்று திருப்பித் தரப்படும் இயர்போன்களில் கணிசமானவற்றுக்குக் குறை இருப்பது சவ்வில் அல்ல, ரப்பர் முனையின் அளவில்தான். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று இணை முனைகள் தரப்படுவது இதற்காகவே. ஒரே மனிதரின் இடக் காதுக்கும் வலக் காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. பொருந்தும் முனை கிடைத்துவிட்டால் 300 ரூபாய்க் கருவி, பொருந்தாத 1000 ரூபாய்க் கருவியைவிட நன்றாக ஒலிக்கும். அப்போது காதும் வலிக்காது.

இதே அடைப்புதான் மோதலுக்கும் காரணம். பெரிய ஹெட்போனில் காற்று கசியாமல் இருக்கத் தலைப்பட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும், மெத்தை காதைச் சுற்றி ஒட்ட வேண்டும். ஒட்டினால் உள்ளே வெப்பம் தேங்கும். சித்திரை, வைகாசியில் மின்விசிறிகூட நின்றுபோன ஒரு மதியத்தில், நல்ல அடைப்புள்ள ஹெட்போனை ஒரு மணி நேரம் அணிவது தண்டனை போன்றது.

சிக்கல் புதிதல்ல

நதானியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் 1910-இல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். ஒலி சிறப்பாக இருந்தது, குறை தலைப்பட்டையில்தான். பின்னர் அது தோலுறையிட்ட இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் கொண்டுவந்த எச்டி 414, காதை அடைக்காமல் திறந்தே விட்டது. மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தையோடு எடையும் குறைவாக இருந்ததால் பெருமளவில் விற்றது. 1979-இல் சோனி வாக்மேனோடு வந்த ஹெட்போன் 50 கிராமுக்கும் குறைவு. ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் எடை குறைந்தால் மக்கள் மணிக்கணக்கில் அணிவார்கள் என்பதை அது காட்டியது.

உப்புக்காற்றும் புழுக்கமும்

மலிவான பெரிய ஹெட்போன்களின் மெத்தைமேல் தோல்போலத் தெரிவது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி. காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல உடைக்கின்றன. வியர்வை அதை விரைவுபடுத்துகிறது. பூச்சு கறுப்புச் செதிலாக உரிந்து காதோரத்திலும் கழுத்திலும் ஒட்டத் தொடங்கும். உரிந்த மெத்தை காற்றை அடைக்காததால் ஒலியும் மாறிவிடும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் இது நடக்கும். ஆகவே கடலோரத்தில் வாங்குபவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம், மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா என்பது. ஒட்டிவைக்கப்பட்ட மெத்தையென்றால் மெத்தையோடு ஹெட்போனின் ஆயுளும் முடிந்தது. துணி மெத்தை ஒலியைக் கொஞ்சம் கசியவிட்டாலும் வியர்வையை உறிஞ்சும், உரியாது.

உப்பு, கம்பி முனையையும் விடுவதில்லை. போனில் செருகும் 3.5 மி.மீ. முனையில் உப்புப் படிந்து அரித்தால் கரகரப்பும் ஒருபக்கம் மட்டும் கேட்பதும் தொடங்கும். உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைத்து, மூடிய டப்பாவில் வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

காதுக்குள் செருகும் வகைக்கு வேறொரு ஆபத்து உண்டு. காதுத் துளையில் ஈரம் தங்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர வாய்ப்பு கிடைக்கிறது. ஏரியிலும் கடலிலும் முழுகி எழுபவர்களின் காதில் ஏற்கெனவே ஈரம் இருக்கும். அதை உலரவிடாமல் ரப்பர் முனையால் அடைத்தால் அரிப்பு, வலி, சீழ் வரை போகலாம். குளித்ததும் இயர்போன் செருகாமல் இருப்பது, முனைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவிக் காயவைப்பது, அண்ணன் தம்பி ஒரே இயர்போனை மாறி மாறிப் போடாமல் இருப்பது ஆகியவை செலவில்லாத பாதுகாப்பு.

எதைக் கேட்பதற்கு?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், பாடம் கைபேசி வழியாக வந்தது. அதுவரை பாட்டுக்காக மட்டும் வாங்கப்பட்ட இயர்போன், பலர் ஒன்றாக இருக்கும் வீட்டில் படிப்பதற்கான கருவியாக மாறியது. அந்தப் பழக்கம் பள்ளிகள் திறந்த பிறகும் போகவில்லை. போட்டித் தேர்வுப் பாடங்களைக் கேட்பவருக்கும் இது பொருந்தும்.

பேச்சுத் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளில் அடங்கியுள்ளது. ச, ஸ போன்ற உரசொலிகள் அதற்கும் மேலே போகும். ல, ள, ழ வேறுபாட்டைக் காது பிரித்தறிவதும் இந்த நடுப்பகுதி தெளிவாக இருந்தால்தான். மலிவு விலைக் கருவிகளில் பலவற்றில் ‘எக்ஸ்ட்ரா பாஸ்’ என்ற பெயரில் தாழ்ந்த ஒலி வேண்டுமென்றே உயர்த்தப்பட்டிருக்கும். பலத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும் என்பது செவியின் இயல்பு. கடையில் முதல் முறை கேட்கும்போது பிரமாதமாகத் தோன்றும் அதே அதிர்வு, மூன்று மணி நேர வகுப்பில் ஆசிரியரின் குரலை மூழ்கடிக்கும். கேட்பவர் ஒலியளவைக் கூட்டுவார்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற எண்ணை நம்பி வாங்குவதில் பயனில்லை. எந்த ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதை அது சொல்வதில்லை. சவ்வு 40 மி.மீ. என்பதாலேயே 10 மி.மீ. கருவியைவிட அது நல்லது என்றும் ஆகாது. நல்ல சோதனை, நன்கு பழகிய இரண்டு பதிவுகளைக் கைபேசியில் கொண்டுபோவது: ஒரு பாடக் குரல், நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவு. தவில் நாதஸ்வரத்தை விழுங்கினால் அந்தக் கருவி பாடத்துக்கு ஆகாது.

ஒலியளவும் செவியின் கணக்கும்

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவாகச் சொல்வது, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இருமடங்காகும். அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி என்று வேகமாகச் சுருங்கும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

இங்குதான் அடைப்பு காதைக் காக்கவும் செய்கிறது. பழவேற்காட்டிலிருந்து பேருந்தில் பொன்னேரி போய், அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்னைக் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கு வழியெல்லாம் இரைச்சல். திறந்த வகை இயர்போனில் அந்த இரைச்சலை மீறக் கேட்க வேண்டுமானால் ஒலியளவைக் கூட்டத்தான் வேண்டும். நன்கு பொருந்தும் ரப்பர் முனை வெளி இரைச்சலைத் தடுப்பதால் குறைந்த ஒலியே போதும். விசைப்படகின் டீசல் இஞ்சின் அருகே நாள் முழுதும் வேலை செய்பவரின் காது ஏற்கெனவே தன் பங்கை வாங்கிவிட்டிருக்கும். கரைக்கு வந்ததும் அவருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த ஒலியளவே ஏற்றது.

ஆனால் படகில் இருக்கும்போது அடைப்பு எதிரியாகிவிடும். காற்றின் மாற்றம், கூட இருப்பவரின் கூப்பாடு, இஞ்சினின் சத்தம் பிசகுவது, அருகே வரும் படகு எல்லாமே முதலில் காதுக்குத்தான் தெரியும். பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை 90.4 போன்ற சமூக வானொலிகளும், கைபேசி வழி வானிலை எச்சரிக்கைகளும் வந்தபின் கடலோர வாழ்வில் கேட்பதற்கான தேவை கூடியிருக்கிறது. அதை ஒலிபெருக்கி வழியாகவோ, ஒரு காதில் மட்டும் தொங்கும் திறந்த இயர்போன் வழியாகவோ கேட்பதே தகும். சாலையில் சைக்கிள், பைக் ஓட்டுபவருக்கும் இதுவே.

வாங்கும்போது

சென்னை ரிட்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் மலிவு விலைக் கருவிகள் குவிந்து கிடக்கின்றன. பெட்டியில் போட்ட விலைக்கும் கேட்கும் விலைக்கும் தொடர்பே இருக்காது. இணையத்தில் வாங்கினால் போட்டுப் பார்க்க முடியாது என்பதால், திருப்பித் தரும் வசதி அந்தக் குப்பத்தின் அஞ்சல் குறியீட்டுக்கு உண்டா என்று முன்பே பார்ப்பது நல்லது. கடையில் குறைந்தது பத்து நிமிடம் அணிந்திருக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை உண்டு. தலையைக் குனிந்து நிமிர்ந்து, தாடையை அசைத்து, கண்ணாடியோடும் பார்க்க வேண்டும்.

500 ரூபாய்க்குள் என்றால், மூன்று அளவு முனையோடு வரும் கம்பியுள்ள இயர்போன் ஒன்றே வசதியையும் ஒலியையும் ஓரளவு சேர்த்துத் தரும். அந்த விலையில் பெரிய ஹெட்போன் வாங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குப் பணம் கொடுப்பதுதான். 1000 ரூபாயைத் தாண்டினால், நீண்ட நேரம் வீட்டில் படிப்பவருக்குத் துணி மெத்தையுள்ள, எடை குறைந்த பெரிய ஹெட்போனைக் கருதலாம். ஒலி கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. வலிக்கிறது என்று கழற்றி வைத்த கருவியில் பாடம் கேட்காது.

கம்பியில்லாக் கருவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியில் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது மின்கலமும் மின்சுற்றும் பாதுகாப்பானவையா என்பதைப் பற்றியது, ஒலியைப் பற்றியதல்ல. அவற்றின் லித்தியம் மின்கலம் வெப்பத்தில் விரைவாகத் தளரும். சிறிய காதுக் கருவிகளில் அதை மாற்றவும் முடியாது. கம்பியுள்ளது வாங்குவோர் தம் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் டைப்-சி முனைக்கு ஓர் இணைப்பானும் தேவை. எல்லா இணைப்பானும் எல்லாப் போனிலும் வேலை செய்வதில்லை என்பதால், சொந்தப் போனில் செருகி, பாட்டு மட்டுமல்லாமல் ஓர் அழைப்பும் பேசிப் பார்த்தபின் பணம் கொடுப்பது நல்லது.